கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்புக்கு என்ன கேம்? பெயரோடு, ஆட்கள் மூடி வைக்கும் இடத்தையும் எழுதுங்கள்

#1 மேகத்துளி

இந்த இழைக்கு ஒரே விதி. கேமின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். வாங்குகிறவர் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு மூடி வைப்பார், அந்த இடத்தை எப்படித் தாண்டுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பத்துப் பெயர் அடங்கிய பட்டியல் யாருக்கும் உதவாது. ஒரே கேமின் முதல் ஐந்து மணி நேரத்தைக் கடத்திவிட்டால் மிச்சத்தை அந்த கேமே பார்த்துக்கொள்ளும்.

நான் தொடங்குகிறேன். ஸ்லே த ஸ்பையர், மெகா கிரிட் உருவாக்கியது, முழுப் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. சீட்டுகளை வைத்துச் சண்டை போட்டு ஒரு கோபுரத்தில் ஏறுவது. 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பிலும் ஓடும். செட்டிங்ஸில் ஃபாஸ்ட் மோடைப் போட்டுக்கொள்ளுங்கள், அசைவுகளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்காது.

முதல் பாத்திரமான அயர்ன்கிளாடுக்கு உயிர் 80. தொடக்கக் கட்டில் 10 சீட்டு: ஸ்ட்ரைக் 5, டிஃபெண்ட் 4, பாஷ் 1. சுற்றுக்கு 3 எனர்ஜி, 5 சீட்டு கைக்கு வரும். ஆட்கள் முட்டிக்கொள்வது முதல் அங்கத்தில்தான். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மூன்று சீட்டு காட்டி ஒன்றை எடுக்கச் சொல்கிறது. வருவதை எல்லாம் எடுத்துக்கொண்டே போகிறார்கள், எட்டாவது தளத்தில் எலைட் எனப்படும் வலிய எதிரியிடம் சாகிறார்கள்.

கணக்கு எளிது. 10 சீட்டுக் கட்டில் 5 சீட்டு எடுத்தால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பாஷ் கைக்கு வரும். கட்டு 20 ஆனால் நான்கு சுற்றுக்கு ஒருமுறைதான். முதல் அங்கத்தின் சண்டைகள் பெரும்பாலும் நான்கைந்து சுற்றில் முடிந்துவிடும். அதனால் எடுக்கும் சீட்டு ஒவ்வொன்றும், ஸ்ட்ரைக் தரும் 6 அடியைவிடத் தெளிவாக நல்லதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்கிப் பட்டனை அழுத்துங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

முதல் மூன்று நான்கு சண்டைகளில் அடிக்கும் சீட்டாகவே பார்த்து எடுங்கள். கடைசி பாஸுக்கு (முடிவில் வரும் பெரிய எதிரி) பொருந்தும் பெரிய திட்டத்தை அப்போதே கட்ட ஆரம்பிக்காதீர்கள். எலைட் ஆறாவது தளத்துக்கு முன் வருவதில்லை. ஒன்பதாவது தளம் எப்போதும் பெட்டகம், பதினைந்தாவது எப்போதும் ஓய்வெடுக்கும் கூடாரம், பதினாறில் பாஸ். வரைபடத்தை முதலிலேயே முழுக்கப் பார்த்து, கூடாரத்தைத் தொட்டு எலைட் இருக்கும் வழியாகத் தேர்ந்தெடுங்கள்.

கடைக்குப் போனால் முதல் செலவு சீட்டு வாங்குவதற்காக இருக்க வேண்டாம். ஒரு ஸ்ட்ரைக்கை நீக்க 75 தங்கம் ஆகும், ஒவ்வொரு முறையும் 25 ஏறும். பெரும்பாலான கட்டுகளுக்கு அதுதான் கடையிலேயே நல்ல பேரம்.

#2 கடலோடி

கிரெம்லின் நாப்ங்கிற எலைட்கிட்ட மட்டும் ஒவ்வொரு தடவையும் செத்துப் போறேன். அடியைத் தடுக்குற பிளாக் நல்லாத்தான் போடுறேன். அடுத்த சந்தேகம், ஸ்லைம் பாஸ் பாதியில ரெண்டா பிரிஞ்சதும் சமாளிக்க முடியல.

#3 மேகத்துளி

பிளாக் போடுவதால்தான் சாகிறீர்கள். நாப் முதல் சுற்றில் அடிக்காது, கத்தும். அதன் பிறகு நீங்கள் ஸ்கில் வகைச் சீட்டு போடும் ஒவ்வொரு முறையும் அதன் பலம் 2 ஏறும். டிஃபெண்ட் ஸ்கில்தான். நான்கு டிஃபெண்ட் போட்டால் அதன் ஒவ்வொரு அடியும் 8 கூடுதலாக விழும். ஆகவே ஸ்கில் ஏதாவது போட வேண்டியிருந்தால் அந்த முதல் சுற்றிலேயே போட்டுவிடுங்கள். அடுத்த சுற்றிலிருந்து அடி மட்டும். உயிர் 80-சொச்சம்தான் அதற்கு. பாஷ் போட்டால் வல்னரபிள் விழும், இரண்டு சுற்றுக்கு எல்லா அடியும் ஒன்றரை மடங்கு. கையில் போஷன் இருந்தால் பாஸுக்கு என்று பத்திரப்படுத்தாமல் இங்கேயே ஊற்றுங்கள்.

ஸ்லைம் பாஸுக்கு 140 உயிர். 70 அல்லது அதற்குக் கீழே போனதும் பிரியும். பிரியும்போது மிச்சம் இருக்கும் உயிர் அப்படியே இரண்டுக்கும் போகும். இதுதான் நுணுக்கம். 70-இல் பிரித்தால் தலா 70 உள்ள இரண்டு ஸ்லைம், மொத்தம் 140. மறுபடி முதலில் இருந்து தொடங்கிய மாதிரி. 75 வரை மெல்லக் கொண்டுவந்து நிறுத்தி, அடுத்த சுற்றில் ஒரே சீட்டில் 30 அடித்தால் 45-இல் பிரியும், மொத்தம் 90. அந்தக் கடைசி அடிக்காகவே ஒரு கனமான சீட்டைத் தேடி எடுத்து வைப்பது நல்லது.

இன்னொன்று: அது மூன்றாவது சுற்றில் 35 அடிக்கும். அந்த 35 தலைக்கு மேல் தெரியும் நேரத்தில் 70-க்குக் கீழே இறக்கினால், அடிப்பதை விட்டுவிட்டுப் பிரியப் போய்விடும். 35 அடி மிச்சம்.

#4 சதுரன்

ஹெக்ஸாகோஸ்ட் பாஸ் பத்தியும் சேர்த்துக்கங்க மேகத்துளி. நிறைய பேர் அதுக்கு முன்னாடி கூடாரத்துல தூங்கி உயிரை நிரப்பிட்டுப் போறாங்க, அது வீண். அதோட ரெண்டாவது சுற்று அடி நம்ம உயிரைப் பொறுத்தது. உயிரை 12-ஆல வகுத்து, பின்னத்தைத் தள்ளி, ஒண்ணு கூட்டினா வர்ற எண்ணை ஆறு தடவை அடிக்கும். உயிர் 80-னா 7 × 6 = 42. உயிர் 30-னா 3 × 6 = 18. கூடாரத்துல தூங்கி ஏத்துனதுல ஒரு பகுதியை அந்த அடியிலயே திரும்ப வாங்கிக்கும். ரொம்பக் கீழ இல்லன்னா அந்த இடத்துல சீட்டை மேம்படுத்துறதுதான் லாபம். எந்த பாஸ் வரப்போகுதுன்னு வரைபடத்தோட உச்சியில படம் முதல்லயே தெரியும், அதைப் பார்த்துத் திட்டம் போடுங்க.

சரி, என் பரிந்துரை ஃபேக்டோரியோ. பிராக்ல இருக்கிற வூப் சாஃப்ட்வேர் பண்ணது, 1.0 வந்தது 2020 ஆகஸ்ட். வேத்து கிரகத்துல இறங்கி, கையால சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சு, கடைசியில ராக்கெட் விடுற அளவுக்குத் தொழிற்சாலை கட்டணும். தள்ளுபடியே கிடையாது, அவங்க கொள்கை அது. விலை குறையும்னு காத்திருக்காதீங்க. இலவச டெமோ இருக்கு, அது பிடிச்சா வாங்குங்க.

ஆளுங்க விடுற இடம் ரெண்டு. முதலாவது கரன்ட். கணக்கு: தண்ணி பம்ப் 1, பாய்லர் 20, ஸ்டீம் இன்ஜின் 40. ஒரு இன்ஜின் 900 கிலோவாட் தரும்.

ரெண்டாவது பச்சை சர்க்யூட். செம்புக் கம்பி மெஷின் 3-க்கு சர்க்யூட் மெஷின் 2. ஏன்னு தெரிஞ்சா மறக்காது. கம்பி செய்ய அரை நொடி, ஒரு தடவைக்கு 2 வரும். சர்க்யூட்டும் அரை நொடி, ஆனா ஒண்ணுக்கு 3 கம்பி கேக்கும். மெஷின் வேகம் 1-னு வச்சுக்கிட்டா கம்பி மெஷின் ஒண்ணு நொடிக்கு 4 தருது, சர்க்யூட் மெஷின் ஒண்ணு நொடிக்கு 6 தின்னுது. 12-க்கு 12 சரியாப் போகணும்னா மூணும் ரெண்டும்தான். கம்பியை பெல்ட்ல ஏத்தாதீங்க. ஒரு செம்புத் தகடு ரெண்டு கம்பியாகுறதால பெல்ட்ல ரெண்டு மடங்கு இடம் அடைக்கும். கம்பி மெஷினை சர்க்யூட் மெஷின் பக்கத்துலயே வச்சு, நடுவுல ஒரு இன்சர்ட்டர் (பொருளை எடுத்துப் போடுற கை) வச்சு நேரா ஊட்டிடுங்க.

#5 பனங்கிழங்கு

சதுரன், அந்த 1:20:40 பழைய கணக்கு. 2024 அக்டோபரில் வந்த 2.0-வில் மாறிவிட்டது. இப்போது ஒரு பம்ப் நொடிக்கு 1200 தண்ணீர் தருகிறது, பாய்லருக்கு நொடிக்கு 6 போதும். அதனால் பம்ப் 1-க்கு பாய்லர் 200, இன்ஜின் 400. பாய்லர் ஒன்றுக்கு இன்ஜின் இரண்டு என்பது மட்டும் மாறவில்லை. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கட்டினால் தப்பொன்றும் ஆகாது, தேவையில்லாமல் பம்ப் அதிகமாக இருக்கும், அவ்வளவுதான்.

#6 சதுரன்

ஆமா, 2.0 கணக்கு நீங்க சொன்னதுதான். திருத்தத்துக்கு நன்றி.

#7 நெல்லிக்கனி

வணக்கம். ஃபேக்டோரியோ டெமோ முடிச்சு முழு கேமுக்கு வந்திருக்கேன். பாய்லர் 6, இன்ஜின் 12 இருக்கு. கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, திடீர்னு மொத்த ஃபேக்டரியும் ஊர்ந்து, அப்புறம் நின்னே போகுது. நிலக்கரி பெல்ட்ல கரி இருக்கு. என்ன தப்பு அண்ணா?

#8 சதுரன்

பாய்லருக்குக் கரி எடுத்துப் போடுற இன்சர்ட்டர் மஞ்சள் கலர், கரன்ட்ல ஓடுறதா? அப்படின்னா அதுதான் காரணம் தம்பி. தேவை கூடி கரன்ட் கொஞ்சம் குறைஞ்சதும் அந்த இன்சர்ட்டர் மெதுவாகும். பாய்லருக்குக் கரி குறையும். கரன்ட் இன்னும் குறையும். இன்சர்ட்டர் இன்னும் மெதுவாகும். கடைசியில பக்கத்துல பெல்ட் நிறையக் கரி இருந்தும் எடுத்துப் போட ஆள் இல்லாம எல்லாம் நின்னுடும். கரி தோண்டுற மெஷினும் கரன்ட்லதான் ஓடுதுன்னா சரிவு இன்னும் வேகமா நடக்கும்.

இப்பவே உயிர் குடுக்க: ஒவ்வொரு பாய்லரையும் திறந்து கையால அஞ்சு கரி போடுங்க. ஃபேக்டரிக்குப் போற மின்கம்பம் ஒண்ணைத் தற்காலிகமா எடுத்துடுங்க, பாய்லர் பக்கமும் கரிச் சுரங்கமும் மட்டும் இணைப்புல இருக்கட்டும். ஓட ஆரம்பிச்சதும் கம்பத்தைத் திரும்ப நடுங்க.

நிரந்தரத் தீர்வு: பாய்லர்கிட்ட மட்டும் பர்னர் இன்சர்ட்டர் வைங்க. அது கரியிலயே ஓடுறது, தான் தூக்குற கரியிலிருந்தே தனக்கும் எடுத்துக்கும். மெதுவா இருந்தாலும் போதும், ஏன்னா ஒரு பாய்லர் நொடிக்கு 0.45 கரிதான் எரிக்குது.

அடுத்தது உங்க தேவையையும் பாருங்க. 12 இன்ஜின்னா 10.8 மெகாவாட். மின்சாரச் சுரங்க மெஷின் ஒண்ணு 90 கிலோவாட். 30 மெஷின் வச்சா ஒரு மஞ்சள் பெல்ட் முழுசா நிரம்பும், நொடிக்கு 15. அதுக்கே 2.7 மெகாவாட் போயிடும், மூணு இன்ஜின். இரும்புக்கு ஒண்ணு, செம்புக்கு ஒண்ணுன்னு ரெண்டு பெல்ட் போட்டா ஆறு இன்ஜின் காலி. எந்த மின்கம்பத்தைச் சொடுக்கினாலும் வரைபடம் வரும், அதுல உற்பத்திப் பட்டை நிரம்பியிருந்தா உடனே இன்ஜின் சேர்க்கணும்னு அர்த்தம்.

#9 நெல்லிக்கனி

மஞ்சள் இன்சர்ட்டர்தான் வச்சிருந்தேன். மாத்திட்டேன், ஓடுது. ரொம்ப நன்றி அண்ணா. ஒரு பெல்ட் தாதுவுக்கு எத்தனை உலை வைக்கணும்?

#10 சதுரன்

கல் உலை 48. ஒரு தகடு உருக 3.2 நொடி, அதாவது நொடிக்கு 0.3125, 15-ஐ அதால வகுத்தா 48. பெல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் 24, 24-ஆ நிறுத்துங்க. பெல்ட்ல ஒரு ஓரம் தாது, மறு ஓரம் கரின்னு ஓட விட்டா ஒரே இன்சர்ட்டர் ரெண்டையும் எடுத்துப் போடும். ஆனா தாதுவுக்குப் பாதி பெல்ட்தான் கிடைக்குங்கிறதால அப்படிச் செஞ்சா ஒரு வரிசைக்கு 24 உலை போதும். ஸ்டீல் உலை ரெண்டு மடங்கு வேகம், அது வந்ததும் அதே இடத்துல மாத்திட்டா போதும், இடிச்சுக் கட்ட வேண்டாம்.

ஆராய்ச்சிக்கு வேண்டிய அறிவியல் பாட்டிலுக்கும் சொல்லிடுறேன். சிவப்புக்கு 5 மெஷின், பச்சைக்கு 6. முதல் நிலை அசெம்ப்ளர் மெஷின்ல இது ரெண்டும் தலா நிமிஷத்துக்கு 30 பாட்டில் தரும். தொடக்கத்துக்கு அது நிறைவான வேகம்.

#11 பனங்கிழங்கு

என் பரிந்துரை ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் வரைந்து, இசையமைத்து, நிரல் எழுதி 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. எந்தக் கணினியிலும் ஓடும், ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. "விவசாயம்தானே, அமைதியான கேம்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வாங்கியவரோ முதல் வசந்த காலத்திலேயே சலித்துவிடுகிறார். காலை 6 மணிக்கு எழுந்து நாற்பது செடிக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்போது தெம்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒரு நாளைக்குத் தெம்பு 270 தான். மறுநாளும் அதே வேலை. இதைத் தாண்டினால் அப்புறம் அந்த ஊரை விட்டு வர மனம் வராது.

தாண்டும் வழி ஸ்ப்ரிங்க்ளர். முதலில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரிங்க்ளர் நான்கு கட்டத்துக்குத்தான் ஊற்றும், அதில் இரும்பை வீணாக்காதீர்கள். விவசாயத் தேர்ச்சி 6 வந்ததும் குவாலிட்டி ஸ்ப்ரிங்க்ளர் செய்முறை கிடைக்கும்: இரும்புக் கட்டி 1, தங்கக் கட்டி 1, சுத்திகரித்த குவார்ட்ஸ் 1. சுற்றியுள்ள எட்டு கட்டத்துக்கும் தினமும் காலையில் அதுவே ஊற்றிவிடும். பத்து செய்தால் 80 செடி, கையால் ஒரு சொட்டு ஊற்ற வேண்டாம். அதற்குத்தான் சுரங்கம். வசந்தம் 5-ஆம் நாள் திறக்கும். 40-ஆம் தளத்திலிருந்து இரும்பு, 80-இலிருந்து தங்கம். ஐந்து தளத்துக்கு ஒருமுறை லிஃப்ட் நிற்கும், அதனால் ஒவ்வொரு பயணத்தையும் ஐந்தின் மடங்கில் முடியுங்கள்.

பூவாளியை மேம்படுத்தக் கொடுத்தால் இரண்டு நாள் கையில் இருக்காது, செடி காயும். தினமும் டிவியில் வானிலை பாருங்கள். நாளைக்கு மழை என்று சொன்னால், இன்று தண்ணீர் ஊற்றி முடித்ததும் கொல்லரிடம் கொடுங்கள். செம்பு மேம்பாட்டுக்கு 2000 காசும் செம்புக் கட்டி ஐந்தும் ஆகும். நாளை மழை ஊற்றிவிடும், நாளை மறுநாள் காலை 9 மணிக்குக் கடை திறந்ததும் வாங்கிவந்து ஊற்றலாம். ஒரு நாள்கூடச் செடி காயாது.

பணத்துக்கு: வசந்தம் 13 முட்டைத் திருவிழா. அங்கே ஸ்ட்ராபெரி விதை 100 காசு. அதுவரை சேர்த்த பணத்தில் முடிந்தவரை வாங்குங்கள். அன்று காலையே காலி நிலத்தைக் கொத்தித் தண்ணீரும் ஊற்றிவைத்துவிட்டுத் திருவிழாவுக்குப் போங்கள். திரும்பும்போது இரவு 10 மணி ஆகிவிடும், நேராகப் போய் விதையை மட்டும் ஊன்றினால் போதும். எட்டு நாளில் முதல் அறுவடை, பிறகு நான்கு நாளுக்கு ஒன்று. 21-லும் 25-லும் ஆக இரண்டு அறுவடை கிடைக்கும், பழம் ஒன்று 120.

கோடையின் முதல் நாளே புளூபெரி. விதை 80. நாள் 14, 18, 22, 26 என நான்கு அறுவடை, ஒவ்வொன்றிலும் மூன்று பழம், பழம் 50. ஒரு விதைக்கு 600 வரும், 520 லாபம். இலையுதிர் காலத்துக்குக் கிரான்பெரி: விதை 240, ஆனால் ஐந்து அறுவடை, தலா இரண்டு, 75 வீதம். அங்கும் 510 லாபம். இரண்டும் ஒருமுறை நட்டால் அந்தப் பருவம் முழுக்கக் காய்க்கும், மறுபடி கொத்தி நட வேண்டாம். அதுதான் இவற்றின் உண்மையான பலன். மிச்சமாகும் நேரத்தில் சுரங்கத்துக்குப் போகலாம், ஊர்க்காரர்களோடு பழகலாம்.

#12 கடலோடி

மீன் பிடிக்கிறதுதான் எனக்குக் கஷ்டம், அந்தப் பச்சைப் பட்டை கையில நிக்கவே மாட்டேங்குது. அதை விட்டுட்டா கேம் நடக்குமா?

#13 பனங்கிழங்கு

நடக்கும். ஆனால் சமூகக் கூடத்தைச் சீரமைக்க மீன்கள் தேவைப்படும், அதனால் முற்றிலும் விட வேண்டாம். கடற்கரைக் கடையில் பயிற்சித் தூண்டில் 25 காசு. அதில் பட்டை பெரிதாக இருக்கும், எளிய மீன்கள் மட்டும்தான் மாட்டும். தேர்ச்சி ஏற ஏறப் பட்டை நீளும். ஐந்து வரை அதிலேயே பிடித்துவிட்டு மாறுங்கள். பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே இருந்தால் பட்டை ஒரே இடத்தில் மிதக்கும். அது கீழே மோதினால் பந்து மாதிரி எகிறும், அங்கேதான் மீன் தப்பிக்கிறது.

சமூகக் கூடம் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே கொடுக்க வேண்டிய பொருள் தொகுப்புகளில் ஒன்றான சாயக் கட்டுக்குச் சிவப்பு முட்டைக்கோஸ் வேண்டும். அதன் விதையைக் கடையில் முதல் ஆண்டு விற்க மாட்டார்கள். வெள்ளி, ஞாயிறுகளில் காட்டுக்கு வரும் வண்டிக்காரியிடம் சில சமயம் இருக்கும். முதல் ஆண்டிலேயே முடிக்க நினைப்பவர்கள் அந்த இரண்டு நாளும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். விலை அதிகமாக இருந்தாலும் வாங்கிவிடலாம்.

#14 இரவுப்பறவை

ஹாலோ நைட் இல்லாமல் இந்த இழை முழுமையாகாது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள டீம் செர்ரி, 2017. ஒரு பூச்சி ராஜ்ஜியத்தின் சிதைந்த சுரங்கங்களில் சின்ன வாளோடு இறங்குவது. கையால் வரைந்த படங்கள், இசை, அந்த மௌனம், இவற்றுக்கு ஈடாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆட்கள் விடுவது சண்டை கடினம் என்பதால் இல்லை. வழி தெரியாமல்தான். முதல் மூன்று மணி நேரம் வரைபடம் இல்லாமல் சுற்றிவிட்டு மூடிவிடுகிறார்கள். புதுப் பகுதிக்குள் நுழைந்ததும் தரையில் காகிதத் துண்டுகள் கிடக்கின்றனவா, யாராவது ராகம் முணுமுணுப்பது கேட்கிறதா என்று கவனியுங்கள். அது கார்னிஃபர். அவரிடம் அந்தப் பகுதியின் வரைபடத்தை வாங்குங்கள். மேலே டர்ட்மவுத் ஊரில் அவர் மனைவி இசெல்டாவின் கடை. அங்கே இறகு 120 ஜியோ (இந்த கேமின் காசு), திசைகாட்டிச் சார்ம் 220 ஜியோ. திசைகாட்டி இருந்தால்தான் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். இறகு இருந்தால்தான் புதிதாகப் பார்த்த அறைகள் வரையப்படும், அதுவும் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் வரையப்படும். முதல் 340 ஜியோவை வேறு எதிலும் செலவழிக்காதீர்கள்.

பிறகு வரிசை இது. குறுக்குப் பாதைகள் என்ற பகுதியில் ஃபால்ஸ் நைட் என்ற பாஸை வீழ்த்துங்கள். நத்தை மந்திரவாதியிடம் முதல் மந்திரம் வாங்குங்கள். கிரீன்பாத் வாசலை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய பூச்சியை அந்த மந்திரத்தால் உடையுங்கள். கிரீன்பாத்தில் ஹார்னெட்டை வென்றால் பாயும் திறன் வரும். அதை வைத்து ஃபங்கல் வேஸ்ட்ஸ் இறங்கி, மாண்டிஸ் கிராமத்தில் சுவரேறும் நகத்தை எடுங்கள். அதோடு ராஜ்ஜியமே திறந்துகொள்ளும். கண்ணீர் நகரம் வந்ததும் கொல்லனைத் தேடுங்கள். வாளின் பலம் 5. முதல் மேம்பாட்டுக்கு 250 ஜியோ மட்டும்தான், பலம் 9 ஆகும். 80 சதவீத உயர்வு. அதைச் செய்யாமல் பாஸ்களோடு முட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

குணமாகும் கணக்கையும் மனத்தில் வையுங்கள். மூன்று அடி அடித்தால் ஒரு முகமூடி உயிரைத் திரும்பப் பெறும் அளவு ஆன்மா சேரும். பாஸ் சண்டையில் அடி வாங்கிய உடனே குணமாக முயலாதீர்கள். பாஸ் தாவி விலகும் நேரத்தையோ, தடுமாறி விழும் நேரத்தையோ கண்டுபிடித்து அதில் மட்டும் செய்யுங்கள்.

#15 கடலோடி

செத்த இடத்துல கறுப்பு உருவம் நிக்குதே, அதுகிட்ட போறதுக்குள்ள திரும்பச் செத்தா பணம் எல்லாம் போயிடுமா?

#16 இரவுப்பறவை

போய்விடும். அதனால்தான் 1500 ஜியோ கையில் வைத்துக்கொண்டு புதுப் பகுதிக்குள் இறங்கக் கூடாது. இறங்குவதற்கு முன் கடையில் எதையாவது வாங்கிவிடுங்கள். குறுக்குப் பாதைகளில் நீங்கள் மீட்கும் ஸ்லை என்ற வியாபாரியின் கடையில் விளக்கு 1800 ஜியோ, அதை நோக்கிச் சேர்ப்பது நல்ல இலக்கு; கிரிஸ்டல் பீக்கின் இருட்டு வழிக்கு அது வேண்டும்.

எட்ட முடியாத இடத்தில் உருவம் மாட்டிக்கொண்டால் டர்ட்மவுத்தில் ஜிஜி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டுக் கதவைத் திறக்கச் சாதாரண சாவி ஒன்று வேண்டும். அழுகிய முட்டை ஒன்றைக் கொடுத்தால் உருவத்தை அங்கேயே வரவழைப்பாள்.

#17 மேகத்துளி

ஹாலோ நைட்டின் அடுத்த பாகமாக 2025 செப்டம்பரில் வந்த சில்க்சாங்கில் இருந்து தொடங்கலாமா என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டார்கள். இங்கேயே கேளுங்கள், எல்லோருக்கும் பயன்படும். இரவுப்பறவை, உங்கள் கருத்து?

#18 இரவுப்பறவை

முதல் பாகத்தில் தொடங்குங்கள். சில்க்சாங்கில் தொடக்கத்திலிருந்தே பல எதிரிகளின் ஒரு அடிக்கு இரண்டு முகமூடி போகும். கீழ்நோக்கி அடிப்பதும் தொடக்கத்தில் சாய்வாகத்தான் இறங்கும், நேராக இல்லை. முதல் பாகத்தில் கை பழகியவர்களுக்கே அதை மாற்றிக்கொள்ள நேரம் ஆகும். குணமாவதும் வேறு: ஒரே மூச்சில் மூன்று முகமூடி திரும்பும், ஆனால் சேர்த்து வைத்த பட்டில் ஒன்பது இழை போய்விடும்.

#19 நூற்கண்டு

எல்லோரும் நாற்பது, நூறு மணி நேரக் கேம்களாகச் சொல்கிறீர்கள். ஒரே மாலையில் முடிவது ஒன்று: வெண்பா. டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் உருவாக்கியது, 2023 ஜூலை. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தம்பதி, அவர்களின் மகன் கவின், மனைவி வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு. 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது.

குறிப்பேட்டில் பக்கங்கள் கிழிந்தும் மை கலைந்தும் இருக்கும். விடுபட்ட படிகளை நீங்கள் யோசித்து நிரப்ப வேண்டும். வீட்டில் சமையற்கட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கை தானாகவே போகும். புட்டுக் குழலில் மாவை அள்ளிப் போடுவதற்கு முன் ஓட்டைத் தட்டைப் போட வேண்டும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதா? தப்பாகச் செய்தாலும் மறுபடி முதலில் இருந்து செய்யலாம், தண்டனை இல்லை. இதில் யாரும் முட்டிக்கொண்டு மூடுவதில்லை. ஒன்று மட்டும்: உரையாடல்களைத் தட்டித் தட்டி வேகமாகக் கடக்காதீர்கள். கவின் தமிழ் பேசும்போது எழுத்து எப்படித் தோன்றுகிறது, ஆங்கிலம் பேசும்போது எப்படித் தோன்றுகிறது என்று பாருங்கள். கதையின் பாதி அதில்தான் இருக்கிறது.

#20 நெல்லிக்கனி

ஃபேக்டரி பெரிசானதும் லேப்டாப் திணறுது. 8 ஜிபி ரேம், ஒரே ஸ்டிக். புதுசு வாங்கணுமா?

#21 பனங்கிழங்கு

வேண்டாம். முதலில் எது திணறுகிறது என்று பாருங்கள். ஃபேக்டோரியோவில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வரைகிறது), யூபிஎஸ் (நொடிக்கு எத்தனை முறை கேம் கணக்குப் போடுகிறது) இரண்டையும் காட்டச் சொல்லலாம். யூபிஎஸ் 60-இல் நின்று எஃப்பிஎஸ் மட்டும் குறைந்தால் படம் வரைவதுதான் பிரச்சினை: ஸ்ப்ரைட் தரத்தைக் குறையுங்கள், புகை, மேகம், மூடுபனி ஆகியவற்றை அணையுங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பிராசஸரோ ரேமோதான் காரணம், கிராஃபிக்ஸ் செட்டிங்ஸை என்ன குறைத்தாலும் பலன் இருக்காது.

கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் உங்கள் ரேமைத்தான் பகிர்ந்து பயன்படுத்துகிறது. ஒரே ஸ்டிக் என்றால் ஒரே வழியாகத்தான் தரவு போகும். இரண்டாவது துளை காலியாக இருந்தால், இருப்பதற்குப் பொருந்தும் அதே வகை, அதே வேகமுள்ள இன்னொரு 8 ஜிபி போடுங்கள். வழி இரண்டாகும். இந்த இழையில் சொன்ன எல்லாக் கேமுக்கும் அது உதவும். வாங்குவதற்கு முன் பின்மூடியைக் கழற்றித் துளை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில லேப்டாப்புகளில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

#22 சதுரன்

சார்ஜர் செருகித்தான் விளையாடுறீங்களான்னும் பாருங்க தம்பி. பேட்டரியில ஓடுறப்ப நிறைய லேப்டாப் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். விண்டோஸ் பவர் மோடை முழுத்திறனுக்கு வைங்க. மெத்தை மேல வச்சா அடியில காத்துப் போற வழி அடைஞ்சு, சூடாகி, அதுவும் வேகத்தைக் குறைக்கும்.

ஹாலோ நைட்ல பட்டன் அழுத்தினதுக்கும் வாள் வீசுறதுக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா வி-சிங்க்கை (திரையோட வேகத்துக்குப் படத்தைப் பொருத்துற அமைப்பு) அணைச்சுட்டு, ஃப்ரேம் வரம்பு போடுங்க. தாவுறதுல வித்தியாசம் உடனே தெரியும்.

#23 நெல்லிக்கனி

துளை ஒண்ணு காலியா இருக்கு. பவர் மோடும் மாத்திட்டேன், ஏற்கனவே கொஞ்சம் பரவாயில்ல. அடுத்த கேள்வி ரயில் அண்ணா. ரெண்டு ரயில் குறுக்குச் சந்திப்புல ஒண்ணையொண்ணு மறிச்சுக்கிட்டு நிக்குது.

#24 சதுரன்

சந்திப்புக்குள்ள நுழையிற ஒவ்வொரு பாதையிலயும் செயின் சிக்னல், வெளியேறுற ஒவ்வொரு பாதையிலயும் சாதாரண சிக்னல். செயின் சிக்னல் அடுத்த சிக்னலையும் பார்த்து, வெளியேற வழி காலியா இருந்தாத்தான் ரயிலை உள்ள விடும். நீங்க ரெண்டு பக்கமும் சாதாரணமே வச்சிருப்பீங்க. அதான் உள்ள வந்து நடுவுலயே நிக்குது.

அதை மாத்தியும் நின்னா, வெளியேறுற சிக்னலுக்கும் அதுக்கு அடுத்த சிக்னலுக்கும் நடுவுல உங்க நீளமான ரயில் முழுசா அடங்குதான்னு அளந்து பாருங்க. ஒரு இன்ஜின் நாலு பெட்டி ரயில்னா அந்த அஞ்சும் நிக்க இடம் வேணும். அடங்கலன்னா வால் சந்திப்புக்குள்ளயே இருக்கும், குறுக்க வர்றது நிக்கத்தான் செய்யும். இப்ப மாட்டிக்கிட்டதை விடுவிக்க, ஒரு ரயில்ல ஏறி மேனுவல்ல வச்சு பின்னாடி ஓட்டி வெளிய எடுங்க. அப்புறம் சிக்னலை மாத்திட்டு ஆட்டோமேட்டிக்ல போடுங்க.